பொன்விழா மலரும் புதுச் சின்னமும்: வேலையை யாரிடம் கொடுப்பது?

"தங்கச்சி, சின்னதா ஒரு லோகோ. அப்புறம் ஒரு பொன்விழா மலர். அவ்வளவுதான்."

சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் அமைப்பின் செயலாளர் போன வருடம் தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். இருபது வருடமாக வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன். "சின்னதா" என்று தொடங்கும் வேலைதான் ஆளைத் தின்னும் என்று தெரியும். ஆனால் அண்ணன் என்னை வேலை செய்யக் கூப்பிடவில்லை. வந்திருக்கும் விலைப்புள்ளிகளில் எதை எடுப்பது என்று செயற்குழுவில் இழுபறி, வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை. அதே சமயம், நானும் தனியாகத் தொழில் செய்கிறவள்தான். என் சாய்வு எந்தப் பக்கம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் கோப்பைப் பிரித்தார். கையில் எட்டு மாதம், மொத்தம் 20,000 வெள்ளி. மலர் 160 பக்கம், தமிழும் ஆங்கிலமும், 500 பிரதி. விலைப்புள்ளிகள் நான்கு. ஊபியில் உள்ள ஓர் அச்சகம்: எங்களிடம் அச்சடித்தால் பக்க அமைப்பு இலவசம். விருதெல்லாம் வாங்கிய ஒரு டிசைன் ஸ்டூடியோ: சின்னத்துக்கு மட்டுமே கைவசம் இருந்த பணத்தில் முக்கால்வாசி. சென்னையில் ஒரு நிறுவனம்: தட்டச்சு, வடிவமைப்பு, அச்சு, கப்பல் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. நான்காவது, வீட்டிலிருந்து தனியாக வேலை செய்யும் ஒரு வடிவமைப்பாளர். ஐந்தாவதும் ஒன்று உண்டு, அது காகிதத்தில் இல்லை: பொருளாளரின் மகன் பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கிறான்.

செயற்குழு இந்த நான்கையும் கத்தரிக்காய் விலை பார்ப்பதுபோல வரிசையாக வைத்துப் பார்த்திருந்தது. அங்கேதான் கோளாறு. நான்கு பேரும் விலை சொன்னது ஒரே பொருளுக்கு இல்லை. அச்சகம் மலருக்குச் சொல்லியிருந்தது, ஸ்டூடியோ சின்னத்துக்குச் சொல்லியிருந்தது. சின்னம் ஒரு வேலை, புத்தகம் வேறொரு வேலை. இரண்டுக்கும் வேண்டிய கை வேறு, கண் வேறு.

சின்னத்தை எடுத்துக்கொள்வோம். அமைப்பின் பழைய சின்னம் ஒரு வட்டம். அதற்குள் குத்துவிளக்கு, ஏடு, வீணை, அடியில் கொஞ்சம் அலை, அலைமேல் சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன். ஐம்பது வருடத்தில் ஒவ்வொரு தலைவரும் ஆளுக்கொன்று சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மெர்லயன் 1964-ல் பயணத்துறைக் கழகத்துக்காக வரையப்பட்ட சின்னம். அதைப் பயன்படுத்துவதற்குத் தனி விதிமுறைகள் உண்டு என்று சொன்னதும் அண்ணன் முகம் மாறியது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்தால் இந்த வட்டம் ஒரு காப்பிக் கறையாகத்தான் தெரியும் என்பது.

நல்ல ஸ்டூடியோ இதை எப்படிச் செய்யும்? முதல் சில வாரம் எதையும் வரையாது. பழைய அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், ரப்பர் முத்திரை, உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் கேட்கும். யாரெல்லாம் வருகிறார்கள், யார் வருவதில்லை, பெயரைப் பேச்சில் எப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள் என்று விசாரிக்கும். பிறகு இந்தச் சின்னம் எங்கெல்லாம் உட்கார வேண்டும் என்று பட்டியல் போடும்: கடிதத் தாள், மேடைப் பின்திரை, டி-சட்டைத் தையல், கைப்பேசித் திரை, மற்ற நான்கு ஆதரவாளர் சின்னங்களுக்கு நடுவே சுவரொட்டியின் அடி ஓரம். கடைசியில் சொன்ன இடம்தான் கொடுமையான பரீட்சை. இதற்கெல்லாம் அப்புறம்தான் பென்சில். ஒரே நிறத்தில் நிற்கிறதா, கறுப்பின் மேல் வெள்ளையில் நிற்கிறதா என்றெல்லாம் பார்த்து, பயன்படுத்தும் முறையை ஒரு கையேடாகவும் எழுதிக் கொடுக்கும். காசு இதற்குத்தான் போகிறது.

மரபு என்றதும் மயிலை ஒட்டாமல் வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015-ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பைப் பாருங்கள். வட இந்தியப் படிக்கிணறுகளின் அமைப்பிலிருந்து எடுத்தது. ஆனால் படிக்கிணற்றைப் படம் வரைந்து காட்டவில்லை. சரியான ஸ்டூடியோ கையில் கிடைத்தால் சின்னத்திலும் இந்த மாதிரி ஒன்று நடக்கும். 2006-ல் அதிபரின் வடிவமைப்பு விருது தொடங்கிய வருடமே அதைப் பெற்றவர்களில் தீசியஸ் சான் என்ற வரைகலைக் கலைஞரும் ஒருவர். அந்தத் தலைமுறையிடமிருந்து கற்றவர்கள் நடத்தும் சின்னச் சின்ன ஸ்டூடியோக்கள் இங்கே கலை அமைப்புகளுக்குச் செய்திருக்கும் வேலை சாதாரணமானதல்ல. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பாஷீர் கிராஃபிக் புக்ஸ் கடைக்கு ஒரு சனிக்கிழமை போய் அரை மணி நேரம் புரட்டினாலே தரம் என்றால் என்ன என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். செயற்குழுவினரை அங்கே அழைத்துப் போகச் சொன்னேன். போனார்கள். தலைவர் ஒரு புத்தகத்தின் விலையைப் பார்த்துவிட்டு மெதுவாக அதே இடத்தில் வைத்துவிட்டார்.

ஸ்டூடியோவிடம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தமிழ். அவர்கள் காட்டிய மாதிரியில் ஆங்கிலப் பெயர் அழகாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதே இடைவெளியைக் கீழே தமிழுக்கும் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கம்பீரம் வரும். தமிழை அப்படி இழுத்தால் கொம்பு ஓர் ஊர், கால் ஓர் ஊர் என்று பிரிந்து போகும். "போ" என்ற ஒரே எழுத்து மூன்று துண்டாகக் கிடக்கும். வடிவமைத்தவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது எழுத்தே இல்லை, கோடுகள். ஆனால் அதை வாசிப்பவன் நம்மூர் ஆள். தமிழ் உடைந்து கிடக்கும் பொது அறிவிப்பு ஒன்று எங்காவது ஒட்டப்பட்டால் அன்று மாலைக்குள் படம் எடுத்து எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றவிடுவதில் சிங்கப்பூர்த் தமிழர்களை யாரும் மிஞ்ச முடியாது. அது ஒரு தமிழ் அமைப்பின் சொந்தச் சின்னத்திலேயே நடந்தால் கேட்கவே வேண்டாம்.

எனவே நான்கு பேருக்கும் ஒரு பக்கச் சோதனை வைக்கச் சொன்னேன். இலவசமாக வேலை வாங்குவது தப்பு, அதற்கு ஒரு சிறு தொகை கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். ஒரே பக்கம்: ஒரு கவிதை, ஒரு பத்தி உரைநடை, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒரு படக்குறிப்பு. உரைநடையில் வேண்டுமென்றே சில சொற்களை நுழைத்தோம். கொண்டாட்டம், தொண்ணூற்றொன்பது, ஸ்ரீ, அஃறிணை, ஔவையார். கடைசிச் சொல் ஒரு பொறி: அவசரத் தட்டச்சில் "ஔ" என்பது "ஒ", "ள" என்ற இரண்டு எழுத்தாக விழும். பார்வைக்கு ஏறக்குறைய அதேபோல இருக்கும்.

வந்த நான்கு பக்கங்களையும் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவு வந்தது.

ஸ்டூடியோவின் பக்கம் பார்க்க அவ்வளவு அமைதி. மார்ஜின், வெள்ளை இடம், படம் உட்கார்ந்திருந்த இடம் எல்லாம் முதல் தரம். ஆனால் பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தேர்வை இயக்காமல் தமிழை ஒட்டியிருக்கிறார்கள். அதை இயக்காவிட்டால் மென்பொருள் தமிழை ஆங்கிலம்போல ஒவ்வொரு குறியாக அடுக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது பின்னால் போய் நிற்கும். ஒரே ஒரு தேர்வை மாற்றினால் சரியாகிவிடும் கோளாறுதான். ஆனால் அது கோளாறு என்று தெரிய ஒரு தமிழ் வாசகர் வேண்டுமே.

ஊபி அச்சகத்தின் பக்கத்தில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அங்கே பக்கம் போடும் அண்ணனுக்குத் தமிழ் கைவந்த கலை, முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கும்பாபிஷேக மலர் வரை போட்டவர். ஆனால் பக்கத்தைச் சுற்றி ஒரு பூக்கொடி பார்டர், தலைப்புக்கு நிழல், கவிதைக்குப் பின்னால் மங்கலாக ஒரு சூரிய அஸ்தமனம். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார். 160 பக்கத்துக்கும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அதுதான் பிரச்சினை. இலவசம் என்றால் பக்கத்துக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

சென்னைப் பக்கம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. தமிழ் எழுத்து அமைப்பு நான்கிலும் அதுதான் சிறப்பு. வரிகள் எங்கே உடைய வேண்டும் என்று தெரிந்திருந்தது. வரி தொடக்கத்தில் ஒரு கால் தனியாக வந்து நிற்கும் அசிங்கம் இல்லை. ஆனால் பிடிஎஃப்-இல் ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை கொட்டியது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறைக்கு முந்தைய பழைய எழுத்துரு. அச்சுக்கு அது போதும். ஆனால் இன்றைக்கு ஒரு மலர் என்பது அச்சில் 500 பேருக்கு, பிடிஎஃப்-இல் மற்ற எல்லோருக்கும். நாளைக்கு ஓர் ஆய்வு மாணவி அந்த அமைப்பின் 1980-களின் நாடகங்களைத் தேடினால் இந்த மலர் அவள் கண்ணில் படவே படாது. இதே ஊரில் 2015-ல் ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் சேர்க்க எத்தனை பேர் உழைத்தார்கள்! அதற்கப்புறமும் தேட முடியாத புத்தகம் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. யூனிகோடில் செய்து தருவீர்களா என்று கேட்டதற்குச் சரி என்றார்கள். விலை கொஞ்சம் ஏறியது.

அத்தோடு எடைக் கணக்கு. பி5 அளவில் 160 பக்கம் என்றால் 80 தாள். சதுர மீட்டருக்கு 128 கிராம் எடையுள்ள ஆர்ட் பேப்பரில் உள்பக்கங்கள் மட்டும் 450 கிராம் வரும், அட்டையோடு ஒரு பிரதி அரைக் கிலோ. 500 பிரதி கால் டன். கப்பலில் வந்தாலும் இறக்குமதிக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். முக்கியமான விஷயம், இயந்திரத்தில் முதல் தாள் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. நம் ஆட்களின் தோல் நிறம் அச்சில் கொஞ்சம் தப்பினாலும் சிவப்படித்துப்போகும். ஐம்பது வருடக் குழுப்படங்கள் நிறைந்த மலரில் அது சின்ன விஷயமில்லை. சிவகாசிக்கே நேரடியாகப் போகலாமே என்று பொருளாளர் கேட்டார். விழா ஆண்டுக் கடைசியில். அந்தச் சமயத்தில் சிவகாசி முழுக்கக் காலண்டர் ஓடும். நம் 500 பிரதியை யார் முதலில் எடுப்பார்கள்?

2,000 பிரதி, முழுக்கத் தமிழ், படம் குறைவு, அவசரமில்லை என்றால் நான் யோசிக்காமல் தமிழ்நாடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

தனியாளின் பக்கம் எதிலும் முதலிடம் இல்லை, எல்லாவற்றிலும் இரண்டாவது. ஸ்டூடியோ அளவுக்கு நேர்த்தி இல்லை, சென்னை அளவுக்குத் தமிழ்ப் பழக்கம் இல்லை. ஆனால் இரு மொழியையும் வாசிக்கத் தெரிந்தவர் என்பது பக்கத்தில் தெரிந்தது. தமிழை 10.5 புள்ளியில் வைத்து வரிக்கு வரி 16 புள்ளி விட்டிருந்தார். மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் நீளும் எழுத்துக்கு அந்த இடம் வேண்டும். பக்கத்தில் ஆங்கிலத்தை அதே எண் அளவில் போடாமல், கண்ணுக்கு ஒரே உயரம் தெரிகிற மாதிரி அளவை மாற்றியிருந்தார். தமிழ்ப் பத்தியை இருபுறமும் இழுத்து நேராக்காமல் வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டிருந்தார். நம் சொற்களின் நீளத்துக்குக் குறுகிய பத்தியை நேராக்கினால் சொற்களுக்கு நடுவில் வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும். ஆங்கிலத்தில் சாய்வெழுத்து வந்த இடத்தில் தமிழைச் சாய்க்காமல் வேறு தடிப்பு கொடுத்திருந்தார். இதெல்லாம் யாரும் கவனிக்காத விஷயங்கள். ஆனால் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்காமல் பத்துப் பக்கம் ஓடுகிறதோ அதில் இவை இருக்கும்.

எழுத்துரு என்ன என்று கேட்டேன். உரைக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு முக்தா மலர் என்றார். இரண்டும் கட்டணமில்லாத திறந்த எழுத்துருக்கள், யூனிகோடு. கூடவே, மேக்கில் வரும் தமிழ் சங்கம் எம்என் பார்த்தேன், திரைக்கு நல்லது, இந்த மலருக்கு வேண்டாம் என்று தோன்றியது என்றார். அது மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. எனக்குப் பிடித்த எழுத்துரு, கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். தோற்றேன்.

தனியாளிடம் பயம் வேறு மாதிரி. காய்ச்சல் வந்தால் வேலை நிற்கும். பெரிய வாடிக்கையாளர் வந்தால் நாம் இரண்டாம் இடம். அதனால் எழுத்தில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும்: எந்தத் தேதிக்கு எது, எத்தனை முறை திருத்தம், ஒவ்வொரு கட்டத்திலும் மூலக் கோப்பின் நகல் யாரிடம். காப்புரிமையும் இதில் சேர்த்தி. 2021 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வேலையைச் செய்தவரே அதன் உரிமையாளர். காசு கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சொன்னாலும் அப்படித்தான். படைத்தவர் பெயரைக் குறிப்பிடுவதும் கட்டாயம். சின்னத்தின் உரிமை அமைப்புக்கு மாற வேண்டும் என்றால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டூடியோ இதைத் தானே எழுதிக் கொண்டுவரும். மற்ற மூவரிடமும் நாம்தான் கேட்க வேண்டும்.

பாலிடெக்னிக் பையனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னத்தை அவனிடம் கொடுத்தால் பிடிக்கவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது, அவன் அப்பாதான் கணக்குப் பார்க்கிறார். அதுவே போதுமான காரணம்.

என் யோசனை இதுதான், செயற்குழு சின்ன மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது. சின்னமும் பக்க வடிவமைப்பும் தனியாளுக்கு. சின்னம் என்றால் படம் வேண்டாம், பெயரையே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாக வரைந்தால் போதும்; தமிழை முதலில் வரைந்து ஆங்கிலத்தை அதற்குப் பொருத்த வேண்டும். ஆண்டுதோறும் விழா நடத்தி, பத்துப் பதினைந்து வடிவங்களில் சின்னம் வெளியே போகிற அமைப்பாக இருந்தால் கடன் வாங்கியாவது ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லியிருப்பேன். இவர்களுக்கு வருடத்தில் நான்கு நிகழ்ச்சிதான். அச்சு ஊபியில், அச்சு மட்டும். மூத்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்வது சென்னையில், யூனிகோடில். அந்த வேகம் இங்கே யாருக்கும் இல்லை. அப்புறம், மிச்சமான பணத்தில் பிழை திருத்த ஒரு மெய்ப்பாளர், தனிச் சம்பளத்தோடு. செயற்குழு உறுப்பினர்களே படித்துவிடுவோம் என்றார்கள். அவரவர் பெயர் வந்த பக்கத்தை மட்டும் படிப்பார்கள் என்று நான் சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பையனுக்கும் வேலை வந்தது. வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி, 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்கள் யார் என்று பின்னால் எழுதியிருந்ததையும் சேர்த்து எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடி அமைப்பைப் பற்றிய செய்திகளையும் எடுத்தான். அவற்றை மலரில் போட அனுமதிக் கடிதம் எழுதியதும் அவன்தான். நேர்மையாகச் சொன்னால் மலரில் ஆட்கள் நின்று பார்க்கும் பக்கங்கள் அவன் கொண்டுவந்தவை.

காகிதத்தில் ஒரு சண்டை நடந்தது. தலைவருக்கு முழுக்க வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும், அதுதான் "மலர் மாதிரி" இருக்குமாம். விளக்கொளியில் அது பளபளத்து எழுத்தை மறைக்கும், கையும் வலிக்கும். 160 பக்கம் என்பது 16 பக்க மடிப்புகள் பத்து. அதில் இரண்டு மடிப்பை மட்டும் ஆர்ட் பேப்பரில் படங்களுக்கு வைத்து, மீதி எட்டை பளபளப்பில்லாத 100 கிராம் வுட்ஃப்ரீ தாளில் போட்டோம். எடையும் இறங்கியது, செலவும் இறங்கியது. மிச்சத்தில் பசைக்கட்டுக்குப் பதிலாக நூல் தையல். இந்த ஊர் ஈரப்பதத்தில் பசை எத்தனை நாள் தாங்கும்? இந்த மாற்றத்துக்காக மட்டும் என்னோடு யார் வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

மலர் வந்தது. வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அதையும் பையனே எடுத்துப் போனான். வந்த கையோடு, பிடிஎஃப்-ஐ இணையத்தில் ஏற்றுவதற்குமுன் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கிறான். "கௌரவச் செயலாளர்" என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஏழாம் பக்கத்தில் அண்ணன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. தட்டச்சில் "கௌ" என்பது "கெ", "ள" என்று இரண்டு எழுத்தாக விழுந்திருந்தது. ஔவையாருக்கு வைத்த பொறியில் நாங்களே மாட்டியிருந்தோம். நான், வடிவமைப்பாளர், மெய்ப்பாளர் மூவரும். பிடிஎஃப்-இல் ஐந்து நிமிடத்தில் திருத்தியாகிவிட்டது. அச்சான 500 பிரதியில் அப்படியேதான் இருக்கிறது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.